ஆறு மணி வீடியோ

வட மாகாணத்துக்கு மாற்றம் என்று மேலாளர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, இந்த முறை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான். தாராளமாகப் போகலாம் என்றார். கொழும்பில், குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு தாராளமாக என்று சொல்வது சுலபம். யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் விடுதி அறை தருவோம், அதற்குள் வீடு பார்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் பார்ப்பது என்பது உங்கள் இஷ்டம் என்றும் சொன்னார். இஷ்டம் என்ற அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா மெக்கானிக்காக இருந்தார். ஸ்பானர் பிடிக்கிற கை எனக்கு அங்கிருந்து வந்தது. யாழ்ப்பாணம், தெல்லிப்பழை, பருத்தித்துறை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எல்லாம் இனி என் பொறுப்பு. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் வெளியே தங்க வேண்டிவரும். கம்பனி ஒரு சின்ன வேன் கொடுத்திருக்கிறது, ஓட்டுவதும் நான்தான்.

அதற்கு முன் இரண்டு வருடம் அனுராதபுரத்தில் தனியாக இருந்தேன். கணவரும் மகளும் பண்டாரவளையில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள், அப்போது ஏழு வயதாக இருந்த மகள் என் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, இன்னைக்கு நீங்க எங்க தூங்குவீங்க?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டாள். குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இனி எங்கே போனாலும் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழ்தான் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்று கணவர் போனில் சொன்ன ஒரு மத்தியானம், நான் போட்டது போட்டபடி புறப்பட்டு, மழையில் மலைப்பாதையில் விரட்டி வந்து வேனை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் எது நடந்தாலும் கணவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "எல்லாம் நல்லா இருக்கு."

அவர் இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதுகிறார். மடிக்கணினி இருந்தால் போதும், எந்த ஊரிலும் இருந்து எழுதலாம். சமையலும் அவர்தான், என்னைவிட நன்றாகச் சமைப்பார். ஆகவே மகளின் விடுகைப் பத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டு, மூன்று பெட்டிகளோடு விடுதியின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தோம். கார்த்திகை மாதம் பிறந்த சமயம். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், வீட்டுக்காரர்களும் கதவுத் திறப்பைக் கொடுக்க மாட்டார்கள் என்பது முதல் வாரமே தெரிந்துபோனது. கார்த்திகைக்குள் வீடு கிடைத்தால் குடும்பம். இல்லாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் பஸ் ஏற வேண்டும், மகளுக்கு நான் மறுபடியும் விருந்தாளி.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. வரைபடத்தை விரித்து, எந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் எத்தனை தடவை போக வேண்டும் என்று எழுதி, எல்லாவற்றுக்கும் நடுவாக ஒரு புள்ளி கண்டுபிடித்தேன். அன்றிரவு முழுக்க அதிலேயே போனது. புள்ளி நேராகப் போய்க் கடலேரிக்குள் விழுந்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, படகு வாங்குவதா வலை வாங்குவதா என்று கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வவுனியாவில் எடுக்கலாமே என்று மேலாளர் போனில் யோசனை சொன்னார். மாதத்தில் பாதி நாள் நான் யாழ்ப்பாணத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை அவரிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அப்படியா என்றார்.

குருநகரில் பார்த்ததுதான் முதல் வீடு. கடல்தொழில் செய்கிற குடும்பம், கீழே அவர்கள், மேல்மாடி எங்களுக்கு. வீட்டுக்கார அம்மா வாய் நிறையச் சிரித்து, என் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், மகளின் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தார். காலையில் கரையிலிருந்து நேராக மீன் வரும் என்றதும் கணவர் அங்கேயே குடியேறிவிட்டவர் போல நின்றார். ஞாயிறு பூசை முடிந்து வாருங்கள், பேசி முடிப்போம் என்றார் அந்த அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனோம். மேல்மாடி அந்த அம்மா தன் மகளுக்கு என்று கட்டியது. அந்த வாரத்துக்குள் அவளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. சீதன வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார், கேக்கும் தந்தார். கேக்கைத் தின்றுகொண்டே, முகம்கூடப் பார்த்திராத அந்த மாப்பிள்ளை மேல் நான் கறுவிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகப் பேசி வந்த சம்பந்தமாம். இன்னும் ஒரு மாதம் பேசியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அடுத்தது தெல்லிப்பழை. செம்மண் தோட்டத்துக்கு நடுவே பெரிய வீடு, அதன் பின்பக்கத்துப் பாதி வாடகைக்கு. உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், சட்டைப்பையில் பேனை வைத்திருந்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கணவர் எங்கே என்றார். வீட்டில் என்றேன். அவர் பேனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் நான் பெரிய பிழையை விட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரியில் இருப்போம் என்று மாதத்துக்கு ஓர் அட்டவணை போட்டு ஒவ்வொரு ஆய்வுகூடத்துச் சுவரிலும் ஒட்டிவிடுவோம். இயந்திரம் நின்றால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். அதே நேர்மையோடு, பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்று நினைத்து, அந்த அட்டவணையில் ஒரு பிரதியை நான் அவர் கையில் கொடுத்தேன். செவ்வாய், புதன் மன்னார், இரவுத் தங்கல். வெள்ளி முல்லைத்தீவு, இரவுத் தங்கல். என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ," என்றார். "வீட்டிலை ஆம்பிளை, ரோட்டிலை பொம்பிளை. எங்கடை பக்கத்திலை உது புதுசு. நான் தம்பியோடையும் ஒருக்கா யோசிச்சிட்டுச் சொல்லுறன்."

தம்பி லண்டனில் இருந்தார். அவரோடு யோசிக்க இவர் அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினார். தம்பி அதைத் தன் மனைவியோடு யோசித்தார். மனைவி உடுவிலில் இருக்கும் தன் சொந்தக்காரரோடு யோசித்தார். வாட்ஸ்அப்பில் ஊருக்கு ஒரு குழு இருக்கிறது என்பதையும், அதில் முக்கால்வாசிப் பேர் ஊரில் இல்லை என்பதையும் நான் அறிந்துகொண்டது இப்படித்தான்.

நான்கு நாள் கழித்து உடுவிலில் ஒரு வீடு பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலயத்தோடு வளர்ந்த குடும்பம், சுவரில் வசனம் எழுதிய நாட்காட்டி. மகளைச் சேர்க்க நினைத்த பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். ஆசைப்பட்டுவிட்டேன். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. நான் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கடை பேப்பர் எங்களுக்கும் வந்தது, மகள்," என்றார்.

தேநீர் புரைக்கேறியது. எனக்கு முன்னால் என் அட்டவணை வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் மன்னாரில் தூங்குகிற நாட்களை, நான் பார்த்தே இராத சனங்கள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். அவர் மிக நாகரிகமாகத்தான் பேசினார். சொந்த இடம் எது என்றார். பண்டாரவளை என்றேன். அங்கே எவ்விடம், டவுனா, எஸ்டேட்டா என்றார். அப்பா தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தார் என்றேன். "ஓ, மலைநாடு," என்று சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுக்கச் சொன்னார். அந்த 'ஓ'வில், தோட்டத்து ஆட்கள் ஒரு படி கீழ் என்கிற கெட்ட எண்ணம் இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் முடியாது. பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. நானும் போன் எடுத்துக் கேட்கவில்லை, எனக்கும் ரோசம் இருக்கிறது.

விடுதிக்கு வந்து கணவரிடம் கத்தினேன். பெட்டி வைக்கவே இடம் போதாத அறையில் கத்துவதற்கும் வசதி இல்லை. மகள் கட்டிலில் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கமும் புரட்டவில்லை. யார் நேர்மையாக இருக்கச் சொன்னது உன்னை என்று கணவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கார்த்திகை முடிய ஒன்பது நாள் இருந்தபோது இணுவில் வீடு வந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். கோயிலுக்குக் கூப்பிடு தூரம். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம். தெல்லிப்பழைக்கும் டவுனுக்கும் நடுவில். கோப்பாய் வழியாகக் கைதடிக்குப் போனால் டவுன் நெரிசலுக்குள் மாட்டாமல் மன்னாருக்கோ கிளிநொச்சிக்கோ பிடித்துவிடலாம். என் கடலேரிப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் கரையில் இதைவிடக் கிட்டிய வீடு கிடைக்காது என்று கணவர் கணக்குக் காட்டினார்.

வீட்டுக்காரர் கனடாவில். திறப்பு அடுத்த வளவில் இருக்கும் அவருடைய அக்காவிடம். அக்கா இடுப்பில் திறப்புக் கொத்தோடு வந்து கதவுகளைத் திறந்தார். நான்கு அறைகளில் ஒன்றை மட்டும் திறக்கவில்லை, அதில் தம்பியின் சாமான்கள். சமையலறையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கூடாது. குருநகர் மீனைக் கணவர் மனதுக்குள் வழியனுப்பி வைப்பது முகத்திலேயே தெரிந்தது. மாமரத்தில் தடி எறியக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றேன். என் அட்டவணையை இவரும் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரும் அதை மறைக்கவில்லை.

"தம்பியோடை ஒருக்கா கதையுங்கோ. அவன் ஓம் எண்டால் எனக்கும் ஓம்," என்று சொல்லிப் போனில் வீடியோவைப் போட்டார்.

அங்கே காலை. ஒரு மேசைக்கு முன்னால், தடித்த சட்டையோடு, அறுபதை நெருங்கும் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அக்கா போனை நீட்டிப் பிடித்தபடி அறை அறையாக நடக்க, நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். அவர் எங்களைப் பார்த்ததைவிடச் சுவர்களைத்தான் அதிகம் பார்த்தார். முற்றத்து மூலையில் ஓர் ஓடு நகர்ந்திருப்பதை அங்கிருந்தே கண்டுபிடித்து அக்காவைக் கடிந்தார்.

பிறகு நிபந்தனைக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குச் சாமி அறையில் விளக்கு வைக்க வேண்டும், முன் விறாந்தையில் லைட் போட வேண்டும். வைத்ததைச் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். விளக்கு, முற்றம், கேற், மூன்றும் தெரிய வேண்டும். வைப்பது வீட்டுப் பொம்பிளையாக இருக்க வேண்டும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவள் தினமும் ஆறு மணிக்கு வருகைப் பதிவு போட வேண்டுமா? எங்கள் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள், அண்ணே என்றேன். கணவர் என் முழங்கையைப் பிடித்தார்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"நம்பிக்கை இல்லை எண்டில்லை, தங்கச்சி," என்றார். "ஆறு மணிக்கு எங்கடை வீடு இருட்டாக் கிடக்குது எண்டு ஊரிலை ஒருத்தரும் கதைக்கக்கூடாது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

நான் வாரத்தில் மூன்று நாள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க மாட்டேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை என்றேன். நான் வைக்கிறேன் என்று கணவர் முன்னால் வந்தார். அவர் மறுபடி எடுத்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அக்காதான் ஒரு வழி சொன்னார். பெண்பிள்ளை ஒன்று இருக்கிறதே, தாய் இல்லாத நாளில் அது வைக்கட்டும். தகப்பன் வீடியோ எடுக்கட்டும். மகள் உடனே தலையை ஆட்டினாள். அவளுக்கு இது விளையாட்டு. அவர் திரையில் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் நான் வெடித்தேன். இது வீடா, காவல் நிலையமா? பிள்ளையை வைத்துப் படம் பிடித்து எவனுக்கோ அனுப்ப வேண்டுமா? கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, வேறு வீடு இருந்தால் சொல் என்றார். வேறு வீடு இல்லை. சரி, எடுத்துத் தொலையுங்கள், ஆனால் அந்த வீடியோ என் கண்ணில் படவே கூடாது, எனக்கு அனுப்பவும் கூடாது, அதைப் பற்றி என்னிடம் பேசவும் கூடாது என்றேன். நான் இருக்கும் நாட்களிலும் விளக்கை மகளே வைக்கட்டும், நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் நான் சொல்வதை அப்படியே செய்கிற மனிதர். சில நேரம் அது பெரிய தொந்தரவு.

பால் காய்ச்ச அக்கா நாள் பார்த்தார். மார்கழிக்கு முன் வருகிற நல்ல நேரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. புதன்கிழமை காலை ஆறு நாற்பது. மன்னாரில் ஒரு புது இயந்திரம் பொருத்துவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வந்து எனக்காகக் காத்திருந்த புதன். மாற்ற முடியுமா என்று மேலாளரைக் கேட்டேன். வீடு மாறுவதற்கெல்லாம் புதன்கிழமைதானா கிடைத்தது என்றார். முதல் நாளே புறப்பட்டேன். சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது, எங்கோ அதற்குள்தான் என் நடுப்புள்ளி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஆறு நாற்பதுக்கு மன்னார் விடுதியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். குடும்பம் ஒன்றாக இருப்பதற்காக ஒரு மாதம் நாயாய் அலைந்து எடுத்த வீட்டில் நான் இல்லாமலே பால் பொங்கியது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, பற்பசையைத் திட்டினேன்.

மார்கழி போய்த் தை பிறந்தது. வீடு பழகியது. மகள் பள்ளிக்கூடம் போனாள், "ஓம்", "கதை" எல்லாம் தடையின்றி அவள் வாயில் வந்தது. நான் இருந்த பின்னேரங்களில் ஆறு மணி ஆனதும் வேண்டுமென்றே கிணற்றடிக்குப் போய்த் துணி அலசுவேன். உள்ளே தீப்பெட்டி உரசுகிற சத்தம், கணவர் "ம், இப்ப கேற்றைக் காட்டு" என்று சொல்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு துணியைப் பிழிவேன். வெளியூரில் இருக்கும் இரவுகளில் எட்டு மணிக்குப் போன் எடுப்பேன். "எல்லாம் நல்லா இருக்கு," என்பார். மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வீட்டுப்பாடம் என்று போய்விடுவாள். சில நாள் அவள் தூங்கிவிட்டாள் என்பார். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் ஒரே மாதிரி மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, அனுராதபுரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசிப்பேன். தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெய்ய வேண்டிய காலம் முடிந்த பிறகும் அந்த வருடம் மழை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முல்லைத்தீவில் வேலை முடித்துவிட்டு விடுதி அறையில் ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆறரை மணி இருக்கும். போன் அடித்தது. கனடா இலக்கம். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் என்பதால் என் இலக்கம் அவரிடம் இருந்தது, ஆனால் அதுவரை அவர் எனக்குப் போன் எடுத்ததில்லை. இன்றைக்கு விளக்கு வைக்கவில்லையா, திரி சரியில்லையா, மாமரத்தில் யாராவது கை வைத்தார்களா? எதுவாக இருந்தாலும் இன்றைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று, இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகளை எல்லாம் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துதான் போனை எடுத்தேன்.

"தங்கச்சி, வேலையிலையோ நிக்கிறியள்?" என்றார். "ஒண்டுமில்லை. பிள்ளைக்குத் தடிமன் மாறேல்லையோ? மூண்டு நாளா விளக்கு வைக்கேக்கை இருமுது. இண்டைக்குக் குரலும் அடைச்சுப் போச்சு."

கையில் இருந்த சப்பாத்தைத் தரையில் வைத்தேன்.

முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளை வெறுங்காலோடு அதற்குள் நின்று கேற்றைக் காட்டுகிறது, மழை விடும்வரை கேற்றைக் காட்ட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள் என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னார். முன்பல் ஒன்று விழுந்துவிட்டதே, அதனால்தான் பிள்ளை இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது போல என்றும் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வீட்டில் மழை பெய்வதை எனக்குக் கனடாவிலிருந்து ஒருவர் சொல்கிறார். என் பிள்ளையின் இருமலுக்கு நாள் கணக்கு அவரிடம் இருக்கிறது. முதல் நாள் இரவு நான் பிந்தி வந்து சேர்ந்தபோது அவள் தூங்கியிருந்தாள், அன்று காலை புறப்பட்டபோதும் போர்வைக்குள்தான் இருந்தாள், நான் தலையைத் தடவிவிட்டு வந்தேன், சூடு இருந்ததா என்றுகூட நினைவில்லை. அதற்கு முந்தின செவ்வாய், புதன் இரண்டு இரவும் மன்னாரில். அந்தப் பல் ஆடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்ன மனிதரைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் சொன்னால் நான் மழையில் வேனை எடுத்துக்கொண்டு விரட்டுவேன் என்று அவருக்குத் தெரியும், அவர் பயந்ததும் சரிதான். அந்த நிமிடமே என் கண் மேசை மேல் இருந்த வேன் திறப்பில்தான் இருந்தது.

இந்த மனிதருக்கு என்ன வந்தது, ஏன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தன் வீட்டில் தான் இல்லாதவர், ஆறு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பைத்தியம் எனக்கு விளங்காதா?

லைனில் இருக்கிறீர்களா என்றார்.

"அண்ணே," என்றேன். "இன்னைக்கு வந்த வீடியோவ எனக்கும் கொஞ்சம் அனுப்புறீங்களா?"

உங்களுக்கு அனுப்புவதில்லையா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அனுப்புறன், தங்கச்சி," என்றார். "முதல் நாளிலை இருந்து எல்லாம் வச்சிருக்கிறன், ஒண்டும் அழிக்கேல்லை. எத்தினை நாள் வீடியோ வேணும்?"